இடது மீசை

கடிகாரக்காரருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவருடைய சொந்தபந்தத்தில் பாதிப்பேர் மணப்பெண்ணைக் கோழி டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழப்பத்தைக் கிளப்பிவிட்டது அவருடைய அக்காதான். பெண்ணுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "சுவர்க்கோழி ஆராய்ச்சி" என்று அக்கா சொல்ல, அது நாலு காது தாண்டுவதற்குள் சுவர் உதிர்ந்து கோழி மட்டும் மிஞ்சிவிட்டது. கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா ஒருவர், தன் வீட்டுக் கோழிகள் முட்டையிடாமல் அடம்பிடிப்பதைப் பற்றி மணப்பெண்ணிடமே யோசனை கேட்டார். அவள் கொஞ்சமும் சிரிக்காமல், தீவனத்தை மாற்றிப் பாருங்கள் பெரியப்பா என்றாள். கோழிகள் அடுத்த வாரமே முட்டையிட்டன. அந்த வீட்டில் அவளுக்கு அதற்குப்பிறகு தனி மரியாதை.

உண்மையில் அவள் கல்லூரியில் விலங்கியல் துறையில், பூச்சிப் பிரிவில் இருந்தாள். அவள் ஆராய்ந்தது வீட்டுச் சுவரிடுக்கில் கத்தும் சுவர்க்கோழியைக்கூட அல்ல. அதன் தூரத்து உறவான குகைச் சிள்வண்டை. சிள்வண்டு என்று பெயர்தானே தவிர, அது ஊமை. மற்ற சிள்வண்டுகள் இறக்கையை இறக்கையோடு உரசிச் சத்தம் எழுப்பும். இதற்கு இறக்கையே கிடையாது. பேசாத இனத்துக்குக் கேட்பது எதற்கு என்றோ என்னவோ, முன்னங்காலில் இருக்க வேண்டிய காதும் இல்லை. வெளுத்த வைக்கோல் நிறம். தோல் அவ்வளவு மெல்லிசு, காய்ந்த காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலே வாடிவிடும். அதனால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, ஈரமான அந்திப்பொழுதில் மட்டும் குகை வாசலுக்கு வந்து, வயிற்றுப் பை கொள்ளுமட்டும் அடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும். கண் கடுகில் பாதி. கால்கள் சிலந்திக்கால் போல நீண்டு, உடம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மீசை. உடம்பைப்போல் மூன்று மடங்கு நீளம். நுனி போகப்போகத் தலைமயிரைவிட மெலிந்து, கடைசியில் கண்ணாடிபோல் ஆகி, எங்கே முடிகிறது என்றே தெரியாது.

"மீசைன்னு சொல்லாதீங்க. உணர்கொம்பு" என்று ஆரம்பத்தில் அவள் திருத்தினாள்.

"பார்க்க மீசை மாதிரிதானே இருக்கு" என்றார் கடிகாரக்காரர்.

ஆறே மாதத்தில் அவளும் மீசை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கட்டுரையில் மட்டும்தான் உணர்கொம்பு.

அவருடைய கடை கடைத்தெருவில் ஒரு கதவு அகலமே இருந்தது. மேசை, அதன்மேல் ஒரு விளக்கு, கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ், வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி. நகக்கண்ணளவுப் பல்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. பொறுமையும் கண்ணும்தான் அவருடைய பிழைப்பு. சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு அவள் துறைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஊருக்கு வெளியே இருந்த மலைக்குப் போவார்கள். குகையில் கயிறு பிடிப்பதும் விளக்குப் பிடிப்பதும் அவர் வேலை. துறையில் எண்கள் எழுதுவது அவர் வேலை.

எழுதும் வேலை, மகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் சமயத்தில், அவருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு எழுதிக்கொண்டிருந்த மாணவனின் ஆறு பூஜ்யம் மாதிரி இருக்கும், பூஜ்யம் ஆறு மாதிரி இருக்கும். இவருடைய எழுத்தோ கடிகார முகத்தில் அச்சடித்ததுபோல. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல், கீழிருந்து வெளிச்சம் விழ, சாராயக் கரைசலிலிருந்து எடுத்த பூச்சியை அவள் குப்புறக் கிடத்துவாள். ஈரத்தூரிகையால் இடது மீசையை இடப்பக்கமும் வலது மீசையை வலப்பக்கமும் நேராக நீட்டுவாள். தகட்டில் பொறித்திருந்த கோடுகளை வைத்து அளவு சொல்வாள். நுனி முறிந்த பூச்சியைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

"இடது நாற்பத்து மூணு புள்ளி ரெண்டு. வலது நாற்பத்து மூணு புள்ளி நாலு."

அவர் எழுதுவார்.

முதல் வருஷத்தில் ஒருமுறை, அவள் நாற்பத்திரண்டு புள்ளி ஒன்பது என்று சொன்னதை அவர் நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டார். ஒரு புள்ளிதானே என்ற நினைப்பு. மாலையில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்று அளந்த இருபத்தாறு பூச்சிகளையும் முதலிலிருந்து அளக்க வைத்தாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பூச்சியைக் குப்பியில் போட்டு மூடிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் சொல்றதை எழுதுங்க. நீங்க நினைக்கிறதை எழுதாதீங்க."

அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பத்து வருஷம் அப்படியே எழுதினார்.

எட்டு வருஷம் அவர்கள் குகையின் முன்னறையில் மட்டும் வேலை பார்த்தார்கள். ஒன்பதாவது வருஷம், பாறைக்குப் பின்னால் ஆள் ஊர்ந்து போகுமளவுக்கு ஒரு பொந்து இருப்பதை அவள் கண்டுபிடித்தாள். அதற்கப்பால் உள்ளறை. நீளமாக, குறுகலாக, ஒரு பக்கம் பாறைத்திட்டு ஓடும் அறை. மாதாமாதம் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பூச்சி பிடித்து வந்தார்கள். மாதாமாதம் ஒரு விசித்திரம் தெரிய ஆரம்பித்தது. உள்ளறைப் பூச்சிகளின் இடது மீசை வலதைவிடச் சின்னதாக இருந்தது. முதலில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இன்னும் உள்ளே போகப்போக ஒன்று, ஒன்றரை, இரண்டு. கடைசியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல்.

அவள் பல நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில், வண்டியை நிறுத்தச் சொல்லி, அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். திட்டு வலப்பக்கம்தானே ஓடுகிறது. பூச்சிகள் சுவரை வலப்பக்கமாக வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. சுவரைத் தடவும் மீசை நீள்கிறது, வெறுங்காற்றில் ஆடும் மீசை குறைகிறது. இதுதான் அவள் கண்டுபிடிப்பு. அவளை அவர் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோதுகூட இல்லை என்று பின்னால் கேலி செய்வார்.

கட்டுரை வெளிவந்தது. பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரு மாநாட்டில் அவளை மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். துறைத்தலைவர் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டினார். அவள் தினமும் அதைத் தாண்டித்தான் மாடியேறுவாள். அப்படித்தான் ஒரு காலையில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதிப்படியில் வலிப்பு வந்து விழுந்தாள்.

தலைக்குள் கட்டி என்றார்கள். வலப்பக்க மூளையில், பின்புறமாக, கையளவு. அறுவை செய்ய முடியாத இடத்துக்குப் படர்ந்துவிட்டது. ஏழு வாரம் இருந்தாள். கடைசி இரண்டு வாரம் பேச்சில்லை. கடிகாரக்காரர் அவளுடைய கட்டிலின் வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இடப்பக்கம் உட்கார்ந்தால் அவள் அவரைத் தேடுவாள் என்று தாதி சொல்லியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது எதையும் கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

*

அவள் போய் ஒன்பது மாதம் கழித்து, துறைத்தலைவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர். அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். முக்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, பட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் அவள் கட்டுரையைத் தொடர்ந்து ஆராய்ச்சி செய்ய விரும்புகிறார். உள்ளறைப் பூச்சிகளில் முப்பதை அனுப்பக் கேட்கிறார். குப்பிகளில் அவள் போட்டிருக்கும் குறியீடு யாருக்கும் பிடிபடவில்லை. நீங்கள் வந்து எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

கடிகாரக்காரர் சனிக்கிழமை மதியம் போனார். அந்த அறையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. குறியீடு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு மணி நேரத்தில் முப்பது குப்பிகளும் மேசையில் வரிசையாக நின்றன. வேலை முடிந்தது. அவருக்குத்தான் எழுந்து போக மனமில்லை. விளக்கைப் போட்டார். ஒரு குப்பியைத் திறந்து பூச்சியை எடுத்து, அவள் கிடத்துவதுபோல் கிடத்தி, ஈரத்தூரிகையால் மீசையை நீட்டினார். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் ஒருமுறைகூடத் தன் கையால் அளந்ததில்லை. லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு வலதை அளந்தார். நாற்பத்தைந்து புள்ளி ஒன்று. நோட்டைப் பார்த்தார். நாற்பத்தைந்து புள்ளி ஒன்று. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பெருமை வந்தது.

இடதை அளந்தார். நாற்பத்தைந்து.

நோட்டில் நாற்பத்திரண்டு புள்ளி மூன்று என்று இருந்தது. அவருடைய எழுத்து. சந்தேகத்துக்கு இடமில்லாத எழுத்து.

தப்பான குப்பியை எடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். அடுத்ததை எடுத்தார். அதிலும் வலது அப்படியே பொருந்தியது. இடது நோட்டில் இருப்பதைவிட மூன்று மில்லிமீட்டர் கூட இருந்தது. சாராயத்தில் கிடந்த பூச்சியின் மீசை நுனி முறிந்து குறையலாம். செத்த பூச்சிக்கு மீசை வளராது. மூன்றாவது, நான்காவது என்று அளந்துகொண்டே போனார். ஏழாவது பூச்சியின் இடது மீசையை நீட்டும்போதுதான் அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

உள்ளறைக்குப் போக ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும். அவள் அளவு சொல்லும்போது அவர் தற்செயலாக அவள் தோளுக்கு மேலாகத் தகட்டைப் பார்த்தார். மீசை அவள் சொன்ன கோட்டைத் தாண்டி இன்னும் போவதாகப் பட்டது.

"இன்னும் கொஞ்சம் இருக்கே" என்றார்.

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். "இல்லைங்க. நிழல் அது. எழுதுங்க."

நிழலுக்கும் பொருளுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணா அவருக்கு? அந்தக் கண்ணை நம்பித்தானே ஊர் கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. ஆனால் அவள் நிழல் என்றாள். அவர் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்ததும். முப்பதோடு நிற்கவில்லை, முன்னறையில் பிடித்த பழையவற்றையும் எடுத்து அளந்தார். பழையவை இரண்டு பக்கமும் நோட்டோடு அச்சாகப் பொருந்தின. வித்தியாசம் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் ஆரம்பித்தது. அவர் கட்டம்போட்ட தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதமும் அவள் இடப்பக்கம் எவ்வளவு தவறவிட்டாளோ அவ்வளவு கீழே இறக்கிப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு கோடு மெல்ல மெல்லச் சரிந்து இறங்கியது. ஒரு இடத்தில்கூட அது மேலே ஏறவில்லை.

அவருக்கு மருத்துவம் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக வந்தது. இடது தோளில் அடிக்கடி கன்றிப்போயிருந்தது; கதவுநிலை இடித்தது என்பாள். வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை உடைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் இடதுபுறச் சந்தில் திரும்பாமல் நேரே போய், "பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன்" என்று சிரித்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் கொஞ்சம் மறதிக்காரர்கள்தான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருபது மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

*

மகளுக்குப் போன் செய்தார். மகள் வேறு ஊரில், மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களை மறுபடி நடக்கவும் சாப்பிடவும் பழக்குவது அவள் வேலை. அவர் சுற்றி வளைத்து, பூச்சியில் ஆரம்பித்து, எண்களைச் சொல்லி, கோட்டைச் சொல்லி முடித்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது."

"அப்பா, இதை இத்தோட விட்டுடுங்க" என்றாள்.

அம்மாவுடைய பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். அம்மா ஒரு புள்ளிக்கு இருபத்தாறு பூச்சியை மறுபடி அளக்க வைத்தவள், தப்பான எண்ணைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதை அவள் பொறுத்துக்கொள்வாளா என்று கேட்டார்.

"உங்களுக்கு உண்மை வேணும். எனக்கு எங்கம்மா போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்குப்பிறகு அவர் கூப்பிட்டால், வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று குறுஞ்செய்தி வரும். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் போனார். நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய்த் தாளை மேசையில் விரித்தார். டாக்டரம்மா முதலில் பூச்சிக் கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு விவரமா எந்த நோயாளிக்கும் எங்ககிட்ட இருக்காது" என்றார். "பார்வையில இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது. இது கண்ணு மறைக்கிற மாதிரி இருக்காது. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோயிடும்."

அவர் தலையாட்டினார். கேட்க வந்ததைக் கேட்டார்.

"முதல் புள்ளி வெச்சப்பவே வந்திருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட வந்த தாதியைக் கையாலேயே நிறுத்தினார்.

"இந்தக் கட்டி ரொம்ப நாள் மெதுவா வளர்ந்து, கடைசியில வேகம் பிடிச்சது. அப்போ வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும். எடுத்திருக்கலாம். பிழைச்சிருப்பாங்கன்னு உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா வாய்ப்பு இருந்தது. நல்ல வாய்ப்பு. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரலை."

"பரவாயில்லை" என்றார் அவர்.

வெளியே வந்து மருத்துவமனை வாசலில் நின்றார். எந்தப் பக்கம் போனால் வீடு என்று அவருக்குச் சட்டென்று தெரியவில்லை. முப்பது வருஷமாக நடந்த தெரு. ஒரு ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று கேட்டார். கடிகாரக்காரர் தன் கடையின் பெயரைச் சொன்னார்.

அன்று பழுதுபார்த்த மூன்று கடிகாரங்களையும் மறுநாள் வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்படி அவருக்கு நடந்ததே இல்லை.

*

துறைத்தலைவரிடம் தாளைக் காட்டியபோது அவர் முகம் வாடிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அறிவியல் தெரியும். ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. தயங்கித் தயங்கி, ஒரு வழி சொன்னார். பூச்சிகள் கெட்டுப்போய்விட்டன, அனுப்ப இயலாது என்று ஒரு வரி எழுதிவிடலாம். கேட்டவர் வேறு குகைக்குப் போய்விடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. அவள் பெயர் அப்படியே இருக்கும்.

"அவ இருந்தா நீங்க இதைச் சொல்வீங்களா சார்?" என்று கடிகாரக்காரர் கேட்டார்.

துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்க இருந்தா என்னை அடிச்சிருப்பாங்க" என்றார்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. துறைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் ஆய்வாளரிடம் நோட்டைக் காட்டாமல் குப்பிகளை மட்டும் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பூச்சிகள். இரண்டு மாதம் ஆயிற்று. இடதும் வலதும் சமம். ஓரிரு புள்ளிக்குமேல் ஒன்றுகூட விலகவில்லை.

கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினார்கள். வாசகத்தைத் துறைத்தலைவர் எழுதினார். அளவீட்டுப் பிழை என்று மட்டும் எழுதியிருந்தார். கடிகாரக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கவனக்குறைவாக அளந்தாள் என்று ஒருவரும் நினைக்கக்கூடாது. அப்போது கண்டறியப்படாதிருந்த நோயினால் இடப்பக்கப் பார்வை பாதிக்கப்பட்டிருந்தது என்று எழுத வேண்டும் என்றார். எழுதினார்கள். இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னார். பக்கத்தில் இருந்து எழுதியவர் பிழையைக் கண்ணால் பார்த்தும் அப்படியே எழுதினார் என்று.

"அது அறிவியல் இல்லை" என்று துறைத்தலைவர் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். எவ்வளவு மல்லுக்கட்டியும் மசியவில்லை.

வாசலில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றினார்கள். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

புதிய அளவுகளைக் கூட்டிப் பார்த்த அந்தப் பெண் ஆய்வாளர் ஒன்று கண்டுபிடித்தாள். இடது வலது வித்தியாசம் இல்லைதான். ஆனால் உள்ளறைப் பூச்சிகளுக்கு இரண்டு மீசையுமே முன்னறைப் பூச்சிகளைவிட நீளம். இருட்டு கூடக்கூட நீளம் கூடியது. அது உண்மையான கண்டுபிடிப்பு, மேடத்தின் பெயரிலேயே வெளிவர வேண்டும் என்று சொல்லிக் கடைக்கே வந்து அவரிடம் தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். நல்லது என்றார். அந்தப் பெண் போன பிறகு, இதை ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனசு பரபரத்து எழுந்தேவிட்டார். எழுந்து கடைக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

*

அந்த மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம், அவர் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் மகள் வந்து நின்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. தோளில் ஒரு பை. இளைத்திருந்தாள். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"கட்டுரையைத் திரும்ப வாங்கினதை நெட்ல படிச்சேன்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

"அம்மா பேருக்காக வேண்டாம்னு சொல்லலைப்பா நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா விழுந்ததுக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாங்கல்ல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. மாநாட்டுக்கு முன்னாடி."

"ஒரு பக்கம் தெரியாத நோயாளிங்க இருக்காங்க. தட்டுல பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு, இன்னும் பசிக்குதும்பாங்க. நாங்க தட்டைத் திருப்பி வைப்போம். பாதி இந்தப் பக்கம் வந்ததும் சாப்பிடுவாங்க. தினமும் செய்யறேன். அது எனக்கு மூச்சு விடற மாதிரி." அவள் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா இடப்பக்கம் இருந்ததைத் தொடலை. நான் தட்டைத் திருப்பி வெச்சேன். மூணு நாள் வெச்சேன்பா. பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே. கை தன்னால திருப்பிச்சு. யாருக்குத் திருப்பறேன், எதுக்குத் திருப்பறேன்னு எனக்குத் தோணவே இல்லை."

தெருவில் ஏதோ வண்டி நின்று கிளம்பியது.

"அம்மா என்ன சொன்னா?" என்று அவர் கேட்டார்.

"அட, இது வேற இருந்ததான்னு சிரிச்சாங்க. சிரிச்சுட்டுச் சாப்பிட்டாங்க."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சின்னச் சக்கரங்களும் திருகுகளும் இருந்த கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் உருண்டது. அவர் அதைப் பொறுக்கவில்லை. அவளுடைய முதுகில் கையை வைத்தார். உன் தப்பு இல்லை என்று சொல்லலாம். அவரிடம் அதைப் பத்துப்பேர் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"டாக்டரைப் பார்த்தீங்களாமே. அத்தை சொன்னாங்க. அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

கடிகாரக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய அம்மாவின் கண்கள். சொல்லப்போகிற பதிலில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண்கள்.

"எப்போ வந்திருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க முடியாதுன்னு சொன்னாங்க" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையை விலக்கவில்லை. அவளும் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்தான். அவள் நம்பினாளா, நம்பினதாகக் காட்டிக்கொண்டாளா என்று அவருக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அவள் மறுபடி அதைக் கேட்கவே இல்லை.

"சரிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு இரண்டுபேரும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, உருண்டுபோன திருகுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்கள். எல்லாம் கிடைக்க நெடுநேரம் ஆயிற்று.